சிறுநீரகத்தில் கட்டி... கேன்சர் இல்லை, ஆனாலும் ஏன் விட்டுவிடக் கூடாது? டி.எஸ்.சி. மரபணு நோய் பற்றிய முழு விளக்கம்

சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாக ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இது கேன்சரா டாக்டர்?" "இல்லைங்க, கேன்சர் இல்லாத கட்டிதான்" என்று பதில் வந்ததும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஒரு குறிப்பிட்ட மரபணு நோய் உள்ளவர்களுக்கு இந்த நிம்மதியே ஆபத்தாக முடியலாம். அந்த நோயின் பெயர் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் காம்ப்ளக்ஸ். சுருக்கமாக டி.எஸ்.சி. இந்த நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் வரை சிறுநீரகக் கட்டிகள் வருகின்றன. கட்டி கேன்சர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது வளரும், சில நேரம் உள்ளுக்குள்ளேயே வெடித்து ரத்தம் கசியும், நல்ல சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அழிக்கும்.

இந்தக் கட்டி ஏன் வருகிறது, யாரெல்லாம் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், என்ன சிகிச்சை இருக்கிறது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஆஞ்சியோமயோலிப்போமா என்றால் என்ன?

வாயில் நுழையாத பெயராகத் தெரிந்தாலும் பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். 'ஆஞ்சியோ' என்றால் ரத்தக்குழாய். 'மயோ' என்றால் தசை. 'லிப்போ' என்றால் கொழுப்பு. 'ஓமா' என்றால் கட்டி. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் கலந்து உருண்டு திரண்டு வளரும் கட்டிதான் ஆஞ்சியோமயோலிப்போமா. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.எம்.எல். என்று எழுதுவார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். ரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கும் ஏ.எம்.எல். என்றுதான் சுருக்கப் பெயர். ரிப்போர்ட்டில் இந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடினால், ரத்தப் புற்றுநோய் பற்றிய பக்கங்கள் வந்து பயமுறுத்தும். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்தக் கட்டியில் கொழுப்பு இருப்பதால், உடம்பில் கொழுப்பு அதிகமானதால்தான் வந்தது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். எண்ணெய் பலகாரம் சாப்பிட்டதற்கும், உடல் எடைக்கும், இந்தக் கட்டிக்கும் தொடர்பில்லை.

எல்லாருடைய கட்டியும் ஒன்றல்ல

ஆஞ்சியோமயோலிப்போமா இருப்பவர்கள் எல்லாருக்கும் டி.எஸ்.சி. இருக்கும் என்று அர்த்தம் இல்லை. இந்தக் கட்டி உள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு எந்த மரபணு நோயும் கிடையாது. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, ஒரு பக்கச் சிறுநீரகத்தில், ஒரே ஒரு கட்டியாக இருக்கும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். அது சிறியதாக இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண்காணித்தாலே போதும்.

டி.எஸ்.சி.யால் வரும் கட்டிகள் வேறு ரகம்.

- இரண்டு சிறுநீரகங்களிலும் வரும்.
- ஒன்று இரண்டு இல்லை, பல கட்டிகள் இருக்கும்.
- சின்ன வயதிலேயே ஆரம்பித்து, டீன் ஏஜ் பருவத்திலும் இருபதுகளிலும் வேகமாக வளரலாம்.
- ஆண், பெண் இருவருக்குமே வரும்.
- ஒரு கட்டியை எடுத்தாலும் வேறு இடத்தில் புதிதாக வரக்கூடும்.

ஆகவே இளம் வயதில், இரண்டு சிறுநீரகங்களிலும், ஒன்றுக்கு மேற்பட்ட ஆஞ்சியோமயோலிப்போமா இருந்தால், டி.எஸ்.சி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவசியம்.

டி.எஸ்.சி. என்பது என்ன நோய்?

மூளை, தோல், சிறுநீரகம், இதயம், கண், நுரையீரல் என உடம்பின் பல உறுப்புகளில் கேன்சர் அல்லாத கட்டிகளை உண்டாக்கும் மரபணு நோய் இது. சுமார் 6,000 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருக்கும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இதோடு வாழ்கிறார்கள்.

1880ஆம் ஆண்டில் பாரிஸில் இருந்த பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் தெசிரே மக்லுவார் பூர்னவீல்தான் இந்த நோய்க்கு முதலில் பெயர் வைத்தார். வலிப்பு நோயால் இறந்துபோன 15 வயதுச் சிறுமியின் மூளையைப் பரிசோதித்தபோது, கிழங்கு மாதிரி கெட்டியான திட்டுகள் இருப்பதைப் பார்த்தார். 'டியூபரஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அதே சிறுமியின் சிறுநீரகங்களிலும் சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தன. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் பொதுவான காரணம் இருக்கிறது என்பது தெளிவாகப் புரிய, அதற்குப் பிறகு நீண்ட காலம் ஆனது.

வெளியே தெரியும் அறிகுறிகள் இவை:

- வலிப்பு: பெரும்பாலான டி.எஸ்.சி. குழந்தைகளுக்கு வலிப்பு வரும். கைக்குழந்தைகளுக்கு இது தெளிவாகத் தெரியாது. தலையைச் சட்டென்று முன்னால் தொங்கவிட்டு, கைகளை விரித்து, தொடர்ந்து திடுக்கிடுவது போல இருக்கும். தூக்கத்தில் பயந்துவிட்டது, வயிற்று வலி என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.
- வெள்ளைத் திட்டுகள்: தோலில் இலை வடிவத்தில், நிறம் குறைந்த திட்டுகள். பிறந்ததிலிருந்தே இருக்கலாம். ஒன்று இரண்டு திட்டு பலருக்கும் இருக்கும். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
- முகத்தில் சிறு கட்டிகள்: மூக்கைச் சுற்றியும் கன்னங்களிலும் சிவப்பாக, சின்னச் சின்னதாக வரும். பருக்கள் என்று நினைத்து வருஷக்கணக்கில் க்ரீம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.
- நகத்தைச் சுற்றி வளரும் சதை, கீழ்முதுகில் சொரசொரப்பான தடித்த தோல்.
- கற்றல் சிரமம், ஆட்டிசம்: எல்லாருக்கும் வராது. அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லாமல் படித்து வேலைக்குப் போகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

ஒரே குடும்பத்தில் இந்த நோய் உள்ள இரண்டு பேருக்குக்கூட அறிகுறிகள் ஒரே மாதிரி இருக்காது. மகனுக்குக் கடுமையான வலிப்பு இருக்கும். அப்பாவுக்கு முகத்தில் நாலு கட்டியும் தோலில் சில திட்டுகளும் மட்டுமே இருக்கும். மகனுக்கு நோய் உறுதியான பிறகுதான் அப்பாவுக்கும் அதே நோய் இருப்பது தெரியவரும்.

மரபணுவில் என்ன நடக்கிறது?

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 'எம்டார்' என்று ஒரு புரதம் இருக்கிறது. "வளரு, பெருகு" என்று செல்லுக்குக் கட்டளை போடுவது இதன் வேலை. ஒரு வண்டியின் ஆக்சிலேட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக்சிலேட்டர் இருந்தால் பிரேக்கும் வேண்டும். அந்த பிரேக்கைச் செய்துதருபவை டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்ற இரண்டு மரபணுக்கள். டி.எஸ்.சி.1 மரபணு 9ஆவது குரோமோசோமில் உள்ளது. 1997ல் கண்டுபிடிக்கப்பட்டது. டி.எஸ்.சி.2 மரபணு 16ஆவது குரோமோசோமில் உள்ளது. அது 1993லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இவை உருவாக்கும் புரதங்களின் பெயர் ஹமார்ட்டின், டியூபரின். இரண்டும் சேர்ந்துதான் எம்டாரைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன.

இந்த இரண்டு மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் கோளாறு ஏற்பட்டால் டி.எஸ்.சி. வருகிறது.

அப்படியானால் உடம்பு முழுக்கக் கட்டி வர வேண்டுமே, ஏன் சில இடங்களில் மட்டும் வருகிறது என்ற கேள்வி எழும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. டி.எஸ்.சி. உள்ளவர்களுக்குப் பிறக்கும்போதே ஒரு பிரதி கெட்டுப்போயிருக்கும். மற்றொன்று நன்றாக இருக்கும்வரை செல் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். பிற்காலத்தில் சிறுநீரகத்தின் ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டுப்போனால், அங்கே பிரேக் சுத்தமாகப் போய்விடும். அந்த ஒரு செல் பெருகிப் பெருகிக் கட்டியாகிவிடும். வயது ஏற ஏற இப்படி இரண்டாவது பிரதியை இழக்கும் செல்களும் கூடும். அதனால்தான் டி.எஸ்.சி. உள்ளவர்களுக்குக் கட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன.

பொதுவாக டி.எஸ்.சி.2 மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு அதிகமாக இருக்கிறது. இந்த மரபணுவுக்குப் பக்கத்திலேயே, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் நோயோடு தொடர்புடைய பி.கே.டி.1 என்ற மரபணுவும் இருக்கிறது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படும். அவர்களுக்குச் சின்ன வயதிலேயே நிறைய நீர்க்கட்டிகள் வந்து, சிறுநீரகம் சீக்கிரம் பழுதாகும் வாய்ப்பு உண்டு.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

இல்லை. மரபணு நோய் என்றாலே சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். சில மரபணு நோய்களுக்கு அது பொருந்தும். டி.எஸ்.சி.க்குப் பொருந்தாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் அந்த வகை நோய்கள் வரும். டி.எஸ்.சி. வருவதற்கு ஒரே ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும்.

இன்னும் சொல்லப்போனால், டி.எஸ்.சி. உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது பெற்றோரிடமிருந்து வரவே இல்லை. கரு உருவாகும் சமயத்தில் புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. கர்ப்ப காலத்தில் அம்மா சாப்பிட்டதோ, செய்ததோ காரணம் கிடையாது. மாமியார் வீடு, அம்மா வீடு என்று யார் மேலும் பழி போட இதில் இடமில்லை.

ஆனால் நோய் உள்ள ஒருவருக்குக் குழந்தை பிறக்கும்போது, அந்தக் குழந்தைக்கு நோய் வர 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் இதே கணக்குதான். குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும்போது மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

ரத்தப் பரிசோதனை மூலம் மரபணுக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். என்றாலும் 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு வழக்கமான பரிசோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். அதனால், மரபணு ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும், உடம்பில் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் நோய் இருப்பதாகத்தான் கொள்வார்கள்.

கேன்சர் இல்லையென்றால் என்ன ஆபத்து?

முதல் ஆபத்து ரத்தக்கசிவு. இந்தக் கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் சாதாரண ரத்தக்குழாய்கள் போல இருக்காது. நல்ல ரத்தக்குழாயின் சுவரில், ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் அடுக்கு ஒன்று இருக்கும். கட்டியின் குழாய்களில் அந்த அடுக்கு சரியாக இருக்காது. ரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் குழாய் அங்கங்கே பலூன் போலப் புடைக்கும். இந்தப் புடைப்புக்கு அனியூரிசம் என்று பெயர். அது ஒருநாள் வெடிக்கலாம்.

கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, உள்ளே இருக்கும் புடைப்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, வெடிக்கும் ஆபத்து அதிகம்.

இதில் பெரிய சிக்கல், ரத்தம் வெளியே தெரியாது என்பதுதான். சிறுநீரகம் வயிற்றுக்குப் பின்பக்கம், முதுகை ஒட்டி இருக்கிறது. அங்கே கசியும் ரத்தம் அங்கேயே தேங்கும். சிறுநீரில் ரத்தம் வந்தால் உடனே தெரிந்துவிடும். அப்படி எல்லாருக்கும் வருவதில்லை. நோயாளி வெளுத்து, வியர்த்து, மயங்கி விழும்போதுதான் விபரீதம் புரியும்.

இரண்டாவது ஆபத்து மெதுவாக வருவது. பல கட்டிகள் வளர்ந்து, நல்ல சிறுநீரகத் திசு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் கூடும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் வருஷா வருஷம் குறையும். கடைசியில் டயாலிசிஸ் வரை போகலாம். டி.எஸ்.சி. உள்ள பெரியவர்களின் உயிரிழப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறது.

மூன்றாவது, அரிதானது. டி.எஸ்.சி. உள்ளவர்களில் சிறு எண்ணிக்கையிலானவர்களுக்கு உண்மையான சிறுநீரகப் புற்றுநோயும் வரலாம். மற்றவர்களுக்கு வருவதைவிட இளம் வயதிலேயே வரக்கூடும். அதனால் வழக்கத்துக்கு மாறாக ஒரு கட்டி மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, கொழுப்பே இல்லாமல் இருந்தாலோ, மருத்துவர்கள் ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

டி.எஸ்.சி. உள்ளவருக்கோ, ஆஞ்சியோமயோலிப்போமா இருப்பது தெரிந்தவருக்கோ கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

- விலாவிலோ முதுகின் ஒரு பக்கத்திலோ திடீரென்று கடுமையான வலி
- சிறுநீரில் ரத்தம்
- தலைசுற்றல், மயக்கம், உடம்பு வெளுத்து வியர்ப்பது
- வயிற்றின் ஒரு பக்கம் திடீரென்று வீங்குவது

வாயுப் பிடிப்பு, சுளுக்கு, கல் அடைப்பு என்று வீட்டிலேயே முடிவுகட்டி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அவசரப் பிரிவுக்குப் போனதும் "இவருக்கு டி.எஸ்.சி. இருக்கு, கிட்னியில் கட்டி இருக்கு" என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி சரியான ஸ்கேனுக்கு உடனே வழிகாட்டும். பேசச் சிரமப்படும் நோயாளிகள் வலியைச் சொல்லத் தெரியாமல் சாப்பிட மறுப்பது, அழுவது, படுத்தே கிடப்பது என்று நடந்துகொள்ளலாம். கூட இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

என்ன ஸ்கேன், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?

இந்தக் கட்டிகளைக் கண்டுபிடிக்க உதவுவது அதில் இருக்கும் கொழுப்புதான். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் கொழுப்பு தனியாகத் தெரியும். அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

சர்வதேச மருத்துவ நிபுணர் குழு 2012ல் கூடி டி.எஸ்.சி.க்கான வழிகாட்டுதல்களை வகுத்தது. 2021ல் அவை புதுப்பிக்கப்பட்டன. அதன்படி:

- டி.எஸ்.சி. உறுதியானதும், எந்த வயதாக இருந்தாலும், வயிற்றுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.
- அதன் பிறகு 1 முதல் 3 வருஷத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும்.
- வருஷத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தமும், சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யை ஏன் முதலில் சொல்கிறார்கள்? காலம் முழுக்க எடுக்க வேண்டிய ஸ்கேன் என்பதால் கதிர்வீச்சு இல்லாததாக இருப்பது நல்லது. கொழுப்பு குறைவான கட்டிகளும் அல்ட்ராசவுண்டைவிட எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரியும். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதே வயிற்றுக்கும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேட்கலாம். குழந்தைக்கு ஒரே மயக்க மருந்தில் இரண்டும் முடிந்துவிடும்.

சிகிச்சை என்ன? சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டுமா?

"கட்டி இருக்கிற கிட்னியை எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததே" என்று பலரும் நினைக்கிறார்கள். டி.எஸ்.சி.யில் அந்தக் கணக்கு தப்பாகப் போகும். இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டி இருக்கும் ஒருவருக்கு ஒன்றை எடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் ஒன்றும் நாளை கட்டியால் பாதிக்கப்படும். அப்போது கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் முடிந்த அளவு சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதுதான் இந்த நோயில் சிகிச்சையின் அடிப்படை.

சிறிய கட்டி: தொந்தரவு இல்லை என்றால் சிகிச்சை வேண்டாம். ஸ்கேன் மூலம் கண்காணித்தால் போதும்.

3 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும் கட்டி: அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், எம்டாரைத் தடுக்கும் மாத்திரையைத்தான் முதல் சிகிச்சையாக வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. எவரோலிமஸ் என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012ல் இதற்காக ஒப்புதல் வழங்கியது.

ரத்தக்கசிவு ஏற்பட்டால்: தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளையை மட்டும் உள்ளிருந்தே அடைத்துவிடுவார்கள். இதற்கு எம்போலைசேஷன் என்று பெயர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. மீதிச் சிறுநீரகம் தப்பித்துக்கொள்ளும். அடைத்த பிறகு சில நாட்களுக்குக் காய்ச்சல், வலி, குமட்டல் வரலாம். அதைக் குறைக்க ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள்.

அறுவை சிகிச்சை: முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பது, வேறு வழியே இல்லாதபோது மட்டும். புற்றுநோய் சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

யாராவது "கிட்னியை எடுத்துடலாம்" என்று சொன்னால், ரத்தக்கசிவு மாதிரி அவசர நிலை இல்லாத பட்சத்தில், டி.எஸ்.சி.யில் அனுபவம் உள்ள சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேட்பது நோயாளியின் உரிமை.

ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த மருந்து

இந்த மாத்திரை வந்த கதை சுவாரசியமானது. 1964ல் கனடாவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவுக்குப் போனது. அங்கிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா, புதுவகையான வேதிப்பொருளை உற்பத்தி செய்வதை மான்ட்ரியலில் இருந்த அயர்ஸ்ட் மருந்து நிறுவன ஆய்வகம் கண்டுபிடித்தது. அந்தத் தீவை அங்குள்ள மக்கள் ராப்பா நூயி என்று அழைப்பார்கள். அதனால் மருந்துக்கு ராப்பமைசின் என்று பெயர் வந்தது. அதைப் பிரித்தெடுத்த குழுவை வழிநடத்தியவர், பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி சுரேந்திரநாத் சேகல்.

1980களின் தொடக்கத்தில் அந்த ஆய்வகம் மூடப்பட்டபோது, ஆராய்ச்சியும் அதோடு முடிந்துபோக வேண்டியது. சேகல் அந்த பாக்டீரியாவின் மாதிரியைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துப் பாதுகாத்தார். அமெரிக்காவில் பணியிடம் மாறிய பிறகு ஆய்வைத் தொடர நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். 1999ல் சிரோலிமஸ் என்ற பெயரில், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தாக அது விற்பனைக்கு வந்தது.

எம்டார் என்ற புரதத்தின் பெயரில் கடைசியில் இருக்கும் 'ஆர்' என்ற எழுத்து ராப்பமைசினைத்தான் குறிக்கிறது. இந்த மருந்து எங்கே போய் வேலை செய்கிறது என்று தேடியபோதுதான் அந்தப் புரதமே கண்டுபிடிக்கப்பட்டது. டி.எஸ்.சி. மரபணுக்கள் எம்டாருக்கு பிரேக் என்பது 2002ல் தெரியவந்தது. பிரேக் போன வண்டிக்கு, வெளியிலிருந்து பிரேக் போடும் மருந்து ஏற்கெனவே மருந்துக் கடையில் இருந்தது.

2008ல் வெளியான ஆய்வில், சிரோலிமஸ் எடுத்தவர்களின் கட்டிகள் ஓராண்டில் சராசரியாகப் பாதி அளவுக்குச் சுருங்கின. எவரோலிமஸ் இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. 118 பேரிடம் நடந்த அதன் ஆய்வு முடிவு 2013ல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கட்டிகளின் மொத்த அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அப்படிக் குறையவில்லை.

மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இது நோயை வேரோடு நீக்கும் மருந்து அல்ல. நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். "கட்டி சுருங்கிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை" என்று தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

- வாய்ப்புண் அடிக்கடி வரும் பக்கவிளைவு. ஆரம்பத்திலேயே சொன்னால் சமாளிக்கலாம்.
- கொலஸ்ட்ரால் கூடலாம். பெண்களுக்கு மாதவிடாய் தவறலாம்.
- நோய் எதிர்ப்பு சக்தி குறைவதால் காய்ச்சல், இருமல் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடுப்பூசி போடும் முன்பும் கேட்க வேண்டும்.
- ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.
- வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

பெண்களுக்குக் கூடுதல் கவனம் ஏன்?

கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டிகள் வளரவும், ரத்தக்கசிவு ஏற்படவும் வாய்ப்பு உண்டு. எம்டார் தடுப்பு மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே ஸ்கேன் எடுத்து, மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். டி.எஸ்.சி. உள்ள பெண்களுக்கு நுரையீரலில் 'லாம்' என்ற பாதிப்பும் வரலாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதை மோசமாக்கும் என்பதால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். காரணம் தெரியாத மூச்சுத்திணறல் இருந்தால் நுரையீரலையும் பரிசோதிக்க வேண்டும்.

18 வயதுக்குப் பிறகு கைவிடப்படும் சிறுநீரகம்

டி.எஸ்.சி. குழந்தையின் பெற்றோருக்கு முதல் பத்து வருஷமும் வலிப்போடுதான் போராட்டம். பார்ப்பவர் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். பேச்சு, பள்ளிக்கூடம், தூக்கம், மாத்திரை என்று கவலை எல்லாம் மூளையைச் சுற்றியே இருக்கும். வலிப்பு கட்டுக்குள் வந்துவிட்டால், "பிள்ளை நல்லாயிட்டான்" என்று செக்கப் போவது குறைந்துவிடும். 18 வயதானதும் குழந்தைகள் மருத்துவர் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போகச் சொல்வார். அந்த மாற்றத்தில் பலருடைய தொடர்பு அறுந்துபோகும்.

ஆனால் சிறுநீரகக் கட்டி வேகமெடுப்பது சரியாக அந்த வயதில்தான். வலிப்பு கண்ணுக்குத் தெரியும். கட்டி சத்தமில்லாமல் வளரும். வலி வந்த பிறகு ஸ்கேன் எடுத்தால், அது பல சமயம் ரத்தக்கசிவுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனாகவே இருக்கும்.

ஆகவே டி.எஸ்.சி. உள்ள பிள்ளை டீன் ஏஜை எட்டும்போதே, சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் பெயரைப் பதிந்து, பழைய ஸ்கேன்களை எல்லாம் ஒரே ஃபைலில் சேர்த்து வைப்பது நல்லது. புதிய ஸ்கேனைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்கிறதா என்று சொல்ல முடியும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. பெரிய கட்டி எத்தனை சென்டிமீட்டர்? போன ஸ்கேனைவிட வளர்ந்திருக்கிறதா?
2. கட்டிக்குள் ரத்தக்குழாய்ப் புடைப்பு இருக்கிறதா? எவ்வளவு பெரியது?
3. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் இப்போது எவ்வளவு?
4. மாத்திரை ஆரம்பிக்க வேண்டிய நிலையா?
5. திடீர் வலி வந்தால் எம்போலைசேஷன் வசதி உள்ள எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?
6. அடுத்த ஸ்கேன் எந்த மாதம்?

ஐந்தாவது கேள்விக்கான பதிலை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆறாவது கேள்விக்கான பதிலை இன்றே மொபைலில் ரிமைண்டராகப் போட்டுவிடலாம்.

*இந்தச் செய்தி பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. பரிசோதனை, மருந்து, சிகிச்சை தொடர்பான முடிவுகளை மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும்.*